தாயிரங்கு பத்தும் நம் வீட்டுத் தாயரும்

பிள்ளைகள் கடல் கடந்து சென்றபின் தனித்திருக்கும் பெற்றோரைக் குறித்து நம் மேடைகளிலும் கதைகளிலும் ஒரே பல்லவிதான்: மகன் நன்றி மறந்தவன், தாய் கண்ணீர் வடிப்பவள். இத்துயரை இதனினும் நுட்பமாக அறிந்தவர் ஐங்குறுநூற்றில் பாலை பாடிய ஓதலாந்தையார்.

அங்கே மகள் காதலனுடன் சுரம் கடந்து போய்விட்டாள். 371ஆம் பாட்டில் தாய் அவளை வையவில்லை. அவள் தெளிந்தது அறநெறியே என ஒப்பி, அவள் போன வழியில் மழை பெய்க என்கின்றாள். 375இலோ மகள் விட்டுச்சென்ற பாவையையும் கிளியையும் பூவையையும் காணுந்தோறும் கலங்குகின்றாள். வாழ்த்தும் கலக்கமும் ஒரே நெஞ்சில்! மெல்பேர்னுக்குப் போன மகளின் பள்ளிச் சீருடையை மடித்து வைத்திருக்கும் நம் தோட்டத்துத் தாயும் மகளைக் குறை கூறுவதில்லையே. பெற்றோரைப் பேணச் சிங்கப்பூர் 1995இல் சட்டமே இயற்றியது. அது பணம் வாங்கித் தரும். சீருடையைக் கண்டு கலங்கும் கண்ணுக்கு அதில் விதியில்லை.

391இல் தாய், மகள் வரக் கரையுமாறு காக்கையை வேண்டி, பொற்கலத்தில் ஊன்சோறு தருவதாகச் சொல்கின்றாள். மூடநம்பிக்கை என நாம் நகைக்கலாம். ஆயின், சுற்றத்தோடு வந்து உண்ணுமாறன்றோ அதனை அழைக்கின்றாள்! சுற்றம் பிரியாத பறவையிடம், மகளைப் பிரிந்தவள் பேசுகின்றாள்.

ஒரு குறை சொல்வேன். தாயிரங்கு பத்தில் தந்தைக்குக் குரலில்லை. நம் எழுத்தாளரும் அவரை வாசற்படியில் ஊமையாகவே இருத்திவிட்டனர். பால்மரம் சீவிப் பிள்ளையைப் படிக்கவைத்தவர் அவர். அவர் துயரை நம் கதைகளில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.