சாவி செய்யும் கட்டளை: ஒரு மதிப்பீடு

தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் 'எஸ்.எஸ்.எச்.' முறையை 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாத்து இலோனென் உருவாக்கினார். கம்பியில் போகும் கடவுச்சொற்களை யாரோ இடைமறித்துத் திருடியதே அதற்குத் தூண்டுதல். அம்முறைக்கான சாவிகளைச் செய்துதரும் சிறு நிரல்தான் 'எஸ்.எஸ்.எச்.-கீஜென்'. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டச்சு செய்தால் நொடிப்பொழுதில் இரு சாவிகள் கிடைக்கும். பொதுச் சாவியை யாருக்கும் தரலாம். தனிச் சாவியை நாம் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நூலை மதிப்பிடுவதைப்போல இந்த நிரலையும் மதிப்பிட்டுப் பார்ப்போமே!

வேலையில் குறை சொல்ல இடமில்லை. விலையும் இல்லை. குறை, அது பேசும் முறையில் இருக்கிறது. வேலை முடிந்ததும் கோலம் போன்ற ஒரு படத்தைத் திரையில் போட்டு, அதன் மேல்விளிம்பில் சாவியின் நீளத்தைப் பெருமையோடு பொறிக்கிறது: 256 பிட்டுகள், அல்லது 3072 பிட்டுகள். பார்ப்பவர் என்ன நினைப்பார்? நீளம்தான் வலிமை என்று நினைப்பார்.

திண்டுக்கல்லில் ஒருவர் முழ நீளச் சாவிகளோடு பூட்டுகள் செய்கிறார் என்று கொள்வோம். ஆனால் அவரிடம் இருப்பவை பத்தே அச்சுகள். திருடனுக்குப் பத்துச் சாவிகள் போதும். அவை முழ நீளமா, விரல் நீளமா என்பது அவனுக்கு ஒரு பொருட்டன்று.

இது கற்பனையன்று, நடந்ததுதான். 2006 செப்டம்பரில், டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் தொகுப்பாளர் ஒருவர், இந்த நிரல் நம்பியிருந்த 'ஓப்பன்எஸ்எஸ்எல்' தொகுப்பில் ஓரிரு வரிகளை நீக்கினார். சோதனைக் கருவி ஒன்று அவ்வரிகளைக் குறித்து எச்சரித்ததே காரணம். அத்துடன் சாவிக்குத் தற்செயல் தன்மையைக் கொண்டுவரும் வழியும் அடைபட்டது. எஞ்சியது, கணிப்பொறி ஒவ்வொரு பணிக்கும் இடும் வரிசை எண் மட்டுமே. அன்று அது பொதுவாக 32,768ஐத் தாண்டாது. நொடிக்கு ஒன்றாக முயன்றாலும் ஒன்பது மணி நேரத்தில் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்துவிடலாம்! 2008 மே மாதம் இது வெளிப்படும்வரை, உலகெங்கும் செய்யப்பட்ட அத்தகைய சாவிகள் யாவும் நீளமாகவே தோன்றின.

டெபியன் நமக்கு அயலான பெயரன்று. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடியாகக் கொண்டதே.

தற்செயல் தன்மை எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. கணிப்பொறி கணக்குப் போடும் பொறி. சொன்னதையே திரும்பச் செய்யும். ஆகவே விசைகளை நாம் தட்டும் நேர இடைவெளிகள், வட்டிலிருந்து தகவல் வந்துசேரும் தாமதம், செயலிக்குள் வெப்பத்தால் எழும் மின் இரைச்சல் ஆகியவற்றை அது திரட்டிக்கொள்கிறது. வானொலிப் பெட்டியில் நாம் வெறுக்கும் இரைச்சலின் உறவினர்தான் இது! சாவியின் உயிரே இதில்தான் உள்ளது. ஆனால் நம் நிரல் இதைப்பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பலவீனமான சாவிக்கும் அதே அழகோடுதான் கோலம் போடும்.

இன்னொரு குறை நம் மாணவர்களை நேராகத் தொடுவது. தனிச் சாவியைப் பூட்டிவைக்க ஒரு ரகசியச் சொற்றொடரை நிரல் கேட்கிறது. வேண்டாமென்றால் வெறுமையாக விடலாம் என்கிறது. அதையும் ஆங்கிலத்தில் மட்டுமே சொல்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர், பொருள் விளங்காமல் 'என்ட்டர்' விசையை இருமுறை தட்டிவிடுவார். வேலை முடிந்துவிடும், எச்சரிக்கை ஏதும் வராது. பலர் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் கல்லூரி ஆய்வகத்தில், அந்தக் கோப்பைப் படியெடுப்பவர் எவரும் அவர் பெயரில் உள்ளே போகலாம்.

வெறுமையாக விட்டவர்களுக்கும் வழி உண்டு. அதே கட்டளையோடு ஒரு சிறு கோடும் 'பி' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்த்துத் தட்டினால், சாவியை மாற்றாமலே பிறகு சொற்றொடரைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வசதியையும் நிரல் தானாக யாருக்கும் சொல்வதில்லை.