அமியேலின் நாட்குறிப்பும் தன்னிழப்பும்

இலக்கியத்திடமிருந்து உளவியல் கடன்கொண்ட சொற்கள் சில உண்டு. ‘டிபர்சனலைசேஷன்’ என்பது அவற்றுள் ஒன்று. தமிழில் அதனைத் தன்னிழப்பு எனலாம். தன் குரலே அயலான் குரலாய்க் கேட்பதும், தன் கை தனதன்று போலத் தோன்றுவதும், தன் வாழ்வைத் தானே தொலைவில் நின்று பார்ப்பது போன்றிருப்பதும் அதன் குறிகள். பிரெஞ்சு அறிஞர் லுடோவிக் டூகா 1898இல் இந்நிலைக்குப் பெயரிட்டபோது, அச்சொல்லை ஜெனீவாப் பேராசிரியர் ஆன்றி பிரெடரிக் அமியேலின் (1821–1881) நாட்குறிப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

அந்நாட்குறிப்பு ஏறத்தாழ 17,000 பக்கங்கள் கொண்டது. மரணத்துக்கு முந்திய ஆண்டில் எழுதிய குறிப்பொன்றில், இறந்தவன் அப்பாலிருந்து நோக்குவது போல உலகைத் தாம் நோக்குவதாகவும், தம் உடலே தமக்குப் புறம்பாகிவிட்டதாகவும் அமியேல் கூறுகிறார். இது பைத்தியமோ என்றும் ஐயுறுகிறார். அந்த ஐயத்திலேயே விடையும் உண்டு. சித்தம் பேதலித்தவன் தன் பிரமையை மெய்யென நம்புவான். தன்னிழப்புற்றவனோ ‘போல’ என்ற சொல்லைக் கைவிடுவதில்லை. அமியேலின் நேர்மையும் அச்சொல்லிலேயே தங்கியுள்ளது.

இந்நூலை ஞானத்தின் முதிர்ச்சி எனப் போற்றுவோர் உளர். பூர்ஷ்வா தனிமனிதவாதத்தின் நோய் என ஒதுக்குவோர் நம்மிடையே உளர். முன்னவர் வேதனையை அருளாக்கி விடுகின்றனர். பின்னவர் அதனைக் குற்றமாக்கி விடுகின்றனர்.

சமுதாயக் காரணம் இல்லையென்பதன்று. 1846ஆம் ஆண்டுப் புரட்சியால் ஜெனீவாவில் தீவிரவாதக் கட்சி அதிகாரம் பெற்றது. அவ்வாட்சியின் கீழ் 1849இல் பதவி பெற்ற அமியேலைப் பழைய உயர்குடியினர் விலக்கிவைத்தனர். ஆட்சியாளருடனும் அவர் மனம் ஒன்றவில்லை. இரு தரப்புக்கும் அந்நியரான அவருக்கு நாட்குறிப்பே துணையாயிற்று. ஆயினும், மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் ஆராய்ந்த அந்நியமாதலே இது என்பது அவசர முடிவு. அது உழைப்பாளிக்கும் அவன் உழைப்பின் பயனுக்குமிடையே உள்ள உறவு. அவன் உணராதபோதும் அது நிலவும். தன்னிழப்போ ஒருவர் உணர்ந்து துன்புறும் அனுபவம். இரண்டையும் ஒன்றாக்கினால், சமுதாய மாற்றம் வரும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும் என்றே பொருள்படும்.

நூலின் குறையை மத்தியூ ஆர்னல்ட் 1887இலேயே ஓரளவு கண்டார். அமியேலின் தத்துவத் தேட்டத்திலும் அவருடைய இலக்கிய விமர்சனமே மேலானது என்பது அவர் கணிப்பு. அக்கணிப்பு பொருத்தமானதே. பிறர் நூல்களையும் மனிதரையும் நோக்கும்போது அமியேலின் எழுத்து உயிர்பெறுகிறது. தம்மையே நோக்கும்போது அது சுழன்று சுழன்று களைக்கிறது.

இன்றைய உளவியல் இதற்கு விளக்கம் தருகிறது. கடுங்களைப்பு, உறக்கமின்மை, பேரச்சம் ஆகியவற்றின்போது இவ்வுணர்வு எவருக்கும் சிறிது நேரம் வரலாம். ‘பைத்தியமாகிறேனோ’ என அஞ்சி, ‘போய்விட்டதா’ எனக் கணந்தோறும் தன்னையே வேவு பார்ப்பதனால் அது நீடிக்கக்கூடும். ஆகவே உணர்வோடு மல்லுக்கட்டாது, கைத்தொழிலிலும், தொடும் பொருளிலும், எதிரிலிருப்பவர் பேச்சிலும் கவனத்தைத் திருப்புவது நன்று. உறக்கத்தைச் சீராக்க வேண்டும். நீடித்து வாழ்வைக் குலைப்பின் மருத்துவரை நாடவேண்டும். பேச்சுவழிச் சிகிச்சை பலருக்கு உதவியுள்ளது.

அமியேலுக்குத் தம் வேதனையை எழுத ஓய்வும் கல்வியும் இருந்தன. இரவுவேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கும், பரீட்சைக்காக உறக்கம் துறந்த மாணவனுக்கும் அவை இல்லை. ‘நான் நானாக இல்லை’ என்ற ஒரு வாக்கியமே அவர்கள் வாயில் வரக்கூடும். அதனைக் கேட்கும் ஆசிரியர் மனோதிடம் பற்றி உபதேசிக்கலாகாது. தோழர் வர்க்க குணம் பற்றித் தீர்ப்பளிக்கலாகாது. அருகிலமர்ந்து, இது பைத்தியமன்று என எடுத்துரைத்து, வேண்டின் வைத்தியரிடம் உடன்செல்ல வேண்டும். மனித விடுதலையைப் பேசும் இயக்கம் தன்னைச் சேர்ந்த ஒருவன் தன்னையே இழந்து நிற்பதைக் காணாதிருத்தல் முறையன்று.