ராஜினாமா என்னும் பிராயச்சித்தம்

எங்கேனும் ஒரு ரயில் கவிழ்ந்தால் மறுநாளே நம் பத்திரிகைகளில் லால் பகதூர் சாஸ்திரி எழுந்தருளிவிடுகிறார். 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பாஹாநாகா பஜாரில் மூன்று ரயில்கள் மோதிப் பெருந்துயர் விளைந்தபோதும் அவ்வாறே ஆயிற்று. அன்று அரியலூர் விபத்துக்காக ரயில்வே மந்திரி ஒருவர் பதவி துறந்தாரே, அந்த லட்சணம் இன்று எங்கே போயிற்று என்று கேளாத தலையங்கம் அரிது. மந்திரிப் பொறுப்புக்கு ராஜினாமாவே உரைகல் என்ற நம்பிக்கை நம்மிடையே ஏறத்தாழ பக்தியாகவே முற்றிவிட்டது. அந்தப் பக்தியில் எனக்கு என்றுமே பங்கு இருந்ததில்லை.

அந்த வழக்கத்தில் அழகே இல்லை என்று சொல்ல வரவில்லை. கேட்காமலே பதவியை விட்டிறங்கும் மனிதரைக் கண்டு கைகூப்பத் தோன்றுவது இயல்பு. அதிகாரியின் பின்னால் மந்திரி ஒளிந்துகொள்வதைத் தடுக்க ஜனநாயகத்துக்கு இதைவிட எளிய சம்பிரதாயம் கிடைக்கவுமில்லை. இவ்வளவையும் தயக்கமின்றி ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன்.

1956 செப்டம்பரில் மெஹபூப் நகர் அருகே பாலம் இடிந்து ரயில் வீழ்ந்து 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி விலகக் கடிதம் கொடுத்தார், பிரதம மந்திரி நேரு ஏற்கவில்லை. நவம்பர் 23 அன்று தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரை அடுத்த மருதையாற்றில், வெள்ளம் அரித்த பாலத்தில் விழுந்தது. மீண்டும் 100-க்கும் மேற்பட்ட உயிர்கள். இரண்டு இடத்திலும் பாலம். இடையே மூன்று மாதம்கூட இல்லை. முதல் பாலம் விழுந்த பிறகு, வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கியிருந்த தெற்கத்திப் பாலங்களைக் குறித்து எந்த உத்தரவு, யாரிடமிருந்து, எந்தத் தேதியில் போயிற்று என்பதன்றோ அன்று சபையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி? விபத்து விசாரணை அதன் வழியில் நடந்தது. மக்கள் நினைவில் நின்றதோ ராஜினாமா ஒன்றே. நேரு அதை ஏற்றபோது, சாஸ்திரி குற்றவாளி என்பதால் அன்று, அரசியல் நெறிக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்பதாக மக்களவையில் கூறினார். அப்படியானால் குற்றம் யாருடையது? அந்த வாக்கியத்தின் மறுபாதியைக் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. கிடா வெட்டிப் பொங்கலிட்ட ஊர், நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று வீடு திரும்புவதைப் போலத் தேசம் திரும்பிவிட்டது. 1957 ஏப்ரலில் சாஸ்திரியும் மந்திரி சபைக்குத் திரும்பினார்.

இதைவிடக் கனமான உதாரணம் முந்த்ரா விவகாரம். 1957 ஜூனில், பிறந்து ஓராண்டும் நிரம்பாத ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு, தன் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கலக்காமலே வாங்கிற்று. ஆளும் கட்சியின் அங்கத்தினரும் பிரதம மந்திரியின் மருமகனுமான பெரோஸ் காந்தி டிசம்பர் 16 அன்று அதை மக்களவையில் கிழித்துப் போட்ட விவாதம் நம் பாராளுமன்றத்தின் ஆபரணங்களுள் ஒன்று. நீதிபதி சாக்ளா பம்பாயில் பகிரங்கமாக விசாரித்துச் சில வாரங்களுக்குள் அறிக்கை தந்தார். செயலாளரின் செய்கைக்கு மந்திரி, அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், அரசியல் சட்ட முறையில் பொறுப்பாளியே என்றார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். பாடப்புத்தகம் இவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைக்கிறது.

ஆனால் விஷயத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருந்தது. பங்குகளை வாங்க மந்திரியின் இசைவு இருந்தது என்பது நிதித் துறையின் பிரதம செயலாளர் எச்.எம். பட்டேலின் கட்சி, நான் இசையவில்லை என்பது மந்திரியின் கட்சி. சொல்லுக்குச் சொல் எதிராக நின்றது. ஒரு பெரிய மனிதர் தலையசைத்தால் அது சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அறிகுறியா, பேச்சை முடித்துக்கொள்ளும் மரியாதையா என்று பிரித்தறிய எந்த நீதிபதியால் முடியும்? (காமராஜரின் “ஆகட்டும், பார்க்கலாம்” என்பதற்குத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் எத்தனை அர்த்தம் கண்டார்கள் என்பதை அக்காலத்தவர் அறிவர்.) அறியாதிருந்தாலும் பொறுப்பே என்ற சூத்திரம் இந்த இடத்தில்தான் தீங்கு செய்தது: அறிந்தாரா என்ற கேள்வியையே அது அநாவசியமாக்கிவிட்டது. நேருவும் விலகலை ஏற்ற கடிதத்தில், இந்த விவகாரத்தில் மந்திரியின் பங்கு மிகச் சிறியதே என்று எழுதி அனுப்பிவைத்தார்.

கோப்புகளோடு காலம் கழித்தவர்க்கு நான் சொல்வது விளங்கும். இடர் மிகுந்த ஒரு யோசனை குறிப்புக் கோப்பில் கீழிருந்து மேலேறி வருகிறது. எழுத்தர் விதிகளை எடுத்துக் காட்டியிருக்கிறார், கீழதிகாரி ஆட்சேபணையும் எழுதியிருக்கிறார். மேலே போனதும் ஓரத்தில் “பேசவும்” என்று ஒரே சொல், கீழே சுருக்கொப்பம், தேதி. அடுத்த பத்தி “விவாதித்தவாறு” என்று தொடங்குகிறது. அதற்குள் ஆட்சேபணை கரைந்து, யோசனை ஆணையாகிவிட்டிருக்கும். இரண்டு சொற்களுக்கும் நடுவே மூடிய அறையில் நிகழ்ந்ததுதான் ஆட்சி. அந்த வெற்றிடத்தை மந்திரியும் விரும்புகிறார், அதிகாரியும் விரும்புகிறார். ஒருவருக்கு அது மறுக்க உதவும், மற்றவருக்கு மந்திரியின் பெயரைச் சொல்லிக்கொள்ள உதவும். ராஜினாமா கேட்டு முழங்கும் எதிர்க்கட்சியும் அதை நிரப்பச் சொல்வதில்லை. நாளை தானும் அதே அறையில் அமர வேண்டியிருக்கும் அல்லவா? இப்படிச் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். மென்மையாகச் சொல்ல வழி தெரியவில்லை.

உத்தியோக வர்க்கத்தைச் சீர்திருத்துவது பற்றி நம் சபைகளில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நிர்வாகச் சீர்திருத்தத்துக்கென்று 1966-இல் ஒன்று, 2005-இல் ஒன்று என இரண்டு கமிஷன்கள் அமர்ந்து எழுதியவற்றைச் சுமக்கத் தனி அலமாரி வேண்டும். 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் 45 உயர் பதவிகளுக்கு வெளியாரை நேரடியாக எடுக்க விளம்பரம் வந்து, சில நாட்களில் வாபஸ் ஆனபோது எழுந்த வாதமும், எவர் உள்ளே வருவது, இடஒதுக்கீடு என்னாவது என்பதைப் பற்றியது. அது அவசியமான வாதமே. ஆயினும் வந்தவரிடம் மந்திரி எதை, எப்படிச் சொல்வார் என்பது அங்கும் எழவில்லை. மந்திரிப் பொறுப்பு என்றால் யார் போவது, சீர்திருத்தம் என்றால் யார் வருவது: வாசற்படியிலேயே நம் விவாதம் நின்றுவிடுகிறது.

விதி இல்லாமலில்லை. அகில இந்தியப் பணியாளர்களின் 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் உடனே எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும் என்கின்றன. அந்தச் “சாதாரணமாக” என்னும் சொல்லின் நிழலில் எத்தனை அசாதாரணங்கள் குடியிருந்தனவோ, 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதையே மறுபடி வலியுறுத்த நேர்ந்தது. நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டியவர்கள், முன்னாள் காபினெட் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலிய ஓய்வுபெற்ற அதிகாரிகள். ராஜினாமா வேண்டிச் சபையை முடக்கும் அங்கத்தினர்கள் அல்லர்.

முந்த்ரா விவகாரத்தின் மாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணமாச்சாரி 1963-இல் மீண்டும் நிதி மந்திரியானார். அதே ஆண்டில் சாக்ளா கல்வி மந்திரியாகி, தீர்ப்பளித்தவரும் தீர்ப்புப் பெற்றவருமாக இருவரும் ஒரே மந்திரி சபையில் அமர்ந்தனர். உத்தியோகத்தை விட்டு விலகிய பட்டேல் 1977-இல் ஜனதா ஆட்சியின் நிதி மந்திரியாகி, தாம் செயலாளராக இருந்த அதே இலாகாவின் வரவு செலவுத் திட்டத்தைச் சபையில் வாசித்தார். மூவரும் திறமைசாலிகள், அவர்கள் திரும்பி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. 1957 ஜூனில் அந்த மந்திரி அந்தச் செயலாளரிடம் என்ன சொன்னார் என்பது மட்டும் இன்னும் இரண்டு கட்சியாகவே இருக்கிறது.