டேக்: ஒரு சொல்லின் தலையில் எத்தனை மூட்டை

சென்னையில் ஒரு பெண் ‘ஐ டேக் கிளாசஸ்’ என்றால் அவர் ஆசிரியை. சிகாகோவில் ஒரு பெண் அதையே சொன்னால் அவர் மாணவி. சொல்லில் மாற்றமில்லை, இலக்கணத்தில் மாற்றமில்லை. மேசைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது மட்டும் தலைகீழாகிவிடுகிறது. ‘வகுப்பு எடுக்கிறார்’ என்ற தமிழை அப்படியே பெயர்த்த ஆங்கிலம் இது என்று சிரிப்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் கணக்கு வாத்தியார் பிள்ளைகளை ‘டேக்’ செய்வதுண்டு. குழப்பம் பேசுகிறவரிடம் இல்லை, அந்த ஓரசைச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சின்ன வினையைப் பிடித்து அதன் தலையில் ஊர்ப்பட்ட வேலைகளையெல்லாம் ஏற்றிவிடுவது ஆங்கிலத்தின் பழக்கம். கெட், செட், புட், ரன், டேக் எல்லாமே இப்படிச் சுமை தூக்குகிறவைதான். இதை அந்த மொழியின் செல்வம் என்று கொண்டாடுகிறவர்கள் ஒரு பக்கம். ஒழுங்கற்ற மொழி என்று அலுத்துக்கொள்கிறவர்கள் மறுபக்கம். எனக்கு இரண்டு கட்சியிலும் முழு நம்பிக்கை இல்லை. அர்த்தம் தெளிவாக வேண்டிய இடத்தில் பாடுபட வேண்டியவர் யார், சொல்கிறவரா கேட்கிறவரா என்பதுதான் இங்கே வழக்கு.

முதலில் சொல்லின் பூர்வீகம். ‘டேக்’ இங்கிலாந்தின் சொந்தப் பிள்ளை அல்ல. பழைய ஆங்கிலத்தில் எடுத்தலுக்கு ‘நிமன்’ என்ற வினை இருந்தது. அதன் உறவான ‘நேமன்’ இன்றும் ஜெர்மன் மொழியில் வாழ்கிறது. வைக்கிங்குகள் வந்து குடியேறியபோது அவர்களுடைய ‘தாகா’வும் கூடவே கரையிறங்கியது. 11ஆம் நூற்றாண்டளவில் எழுத்தில் தலைகாட்டி, அடுத்த சில நூற்றாண்டுகளில் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்டது. விரல் மரத்துப்போவதைக் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சொல் அந்தப் பழைய நிமனின் எச்சம். உணர்ச்சி எடுக்கப்பட்ட விரல் என்பது அதன் உட்பொருள். ஆங்கிலேயர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது இந்த வினைக்கு மட்டும் 134 பொருள் கொடுத்தார். ஐந்து பக்கம், ஏறத்தாழ 8,000 சொல். நம் காலத்தில் ஆக்ஸ்போர்டு அகராதிக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 645 பொருள் தேறியது. இந்த எண்களைக் கேட்டதும் வாய் பிளப்பது வழக்கம். நான் இவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

ஏனென்றால் எண்ணுவது யார் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். நாம் பஸ் பிடிக்கிறோம், மாத்திரை போடுகிறோம், கஷாயம் குடிக்கிறோம், பரீட்சை எழுதுகிறோம், படம் எடுக்கிறோம், உறுதிமொழி ஏற்கிறோம். ஒரு வேலை முடிய நேரம் பிடிக்கிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’ ஒன்றே போதும். அப்படியானால் அந்தச் சொல்லுக்குள் ஏழு பொருள் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. பஸ் என்ற பெயரும் மாத்திரை என்ற பெயரும் பொருளைக் கொண்டுவருகின்றன. வினை ஒரு தாம்பாளம். அதில் எதை வைக்கிறோமோ அது. தாம்பாளத்தில் வைத்ததையெல்லாம் தாம்பாளத்தின் பெயரில் வரவு வைத்துவிட்டு, அடேயப்பா என்கிறது அகராதி. அடிக்கடி புழங்கும் சொல்லுக்குப் பொருளும் பெருகும் என்று மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப் 1945லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆகவே 134 என்பதில் பாதி மொழியின் அற்புதம் என்றால், மீதி அகராதிக்காரரின் பிரிப்பு வேலை.

பாதியாவது அற்புதம் என்பதை மறுக்க முடியாது. கேமரா வந்தபோது படம் பிடிப்பதற்கென்று புதுவினை எதையும் தேடி ஆங்கிலம் அலையவில்லை. உருவப்படம் வரைவதற்கு ஏற்கெனவே புழங்கிய வினையையே நீட்டிக்கொண்டது. சினிமா வந்தது, ஒரு காட்சியை ஒருமுறை படமாக்குவது ‘ஒரு டேக்’ ஆயிற்று. கோடம்பாக்கம் அதை அப்படியே சுவீகரித்து, ‘ஒரே டேக்கில் ஓகே’ என்றும் ‘இன்னொரு ரீடேக்’ என்றும் நம் காதுக்குப் பழக்கிவிட்டது. குதித்துத் தாண்டும்போது தரையை விட்டுக் கால் எழும்புவதற்கு இருந்த ‘டேக்-ஆஃப்’, விமானம் வந்ததும் விமானத்துக்கு ஆனது. குழு போட்டுக் கலைச்சொல் ஆக்கும் வேலையே இல்லை. கலைச்சொல் பட்டியல்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு திரியும் நமக்கு இதில் கொஞ்சம் பொறாமை வருவது நியாயம்.

தொனியிலும் இந்தச் சொல்லுக்கு ஒரு பலம் உண்டு. ஏற்பது, பொறுப்பது, பெறுவது, கைப்பற்றுவது ஒவ்வொன்றுக்கும் லத்தீன், பிரெஞ்சு வழிவந்த சொற்கள் ஆங்கிலத்தில் தனித்தனியே இருக்கின்றன. அவை கோப்பில் எழுதும் சொற்கள். ‘ஐ கான்ட் டேக் இட்’ என்று ஒருவன் சொல்லும்போது, இதுக்குமேல தாங்காதப்பா என்ற அடிவயிற்றுக் குரல் அதில் இருக்கிறது. திருமண உறுதிமொழியில் மணமகளை ஏற்பதும் இந்த வினையால்தான், லஞ்சம் வாங்குவதும் இதனால்தான், உயிரைப் பறிப்பதும் இதனால்தான். ஒரே ஒலிக்குள் கைப்பிடிப்பதும் பறிப்பதும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது நாடகக்காரனுக்கும் கவிஞனுக்கும் பெரிய வசதி. ‘வாக்’ என்பதற்கும் ‘டேக் எ வாக்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. நடப்பதற்கும் ‘ஒரு நடை போய்விட்டு’ வருவதற்கும் நாம் காட்டும் வேறுபாடு அது. இதையெல்லாம் ஒழுங்கின்மை என்று தள்ளுகிறவர் மொழியை இலக்கணப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும்.

சிக்கல் தொடங்குவது இந்தத் தாம்பாளத்தின் பின்னால் ஒரு குட்டிச் சொல் வந்து ஒட்டும்போது. ‘டேக் இன்’ என்று மட்டும் பாருங்கள். தொளதொள சட்டையைத் தையல்காரர் பிடித்துத் தருவது டேக் இன். நாதியற்றவருக்கு வீட்டில் இடம் கொடுப்பது டேக் இன். சொன்னதை மனதில் வாங்கிக்கொள்வது டேக் இன். ஒருவனை ஏமாற்றுவதும் அதுவே. ‘ஹீ வாஸ் டேக்கன் இன்’ என்றால் அடைக்கலம் கொடுத்தார்களா, ஏமாற்றினார்களா? இங்கே தாம்பாள நியாயம் உதவாது. ‘டேக்’ தெரியும், ‘இன்’ தெரியும். இரண்டையும் கூட்டினால் ஏமாற்றம் வருவதில்லை. ‘டேக் எ பாத்’ குளியல்தான் என்று நம்பியிருந்தால், பங்குச் சந்தைச் செய்தியில் அதற்குக் கையைச் சுட்டுக்கொள்வது என்று பொருள். இந்த ஒட்டு வினைகள்தாம் அயலாருக்கு மிகப் பெரிய தொல்லை என்று ஜான்சனே தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டு, இயன்றவரை அவற்றைத் திரட்டித் தந்திருக்கிறார். 1755க்குப் பிறகு அந்தத் தொல்லை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இதை மறைத்து விற்றவர்களும் உண்டு. 1930இல் சி. கே. ஆக்டன் ‘பேசிக் இங்கிலிஷ்’ என்று ஒன்றை முன்வைத்தார். 850 சொல் கற்றால் போதும், உலகத்தோடு பேசலாம் என்பது அதன் வாக்குறுதி. வினைகள் பதினெட்டே, அவற்றில் ‘டேக்’ ஒன்று. 1943இல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில்கூட இந்தத் திட்டத்தைப் புகழ்ந்தார். கணக்கு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சகித்துக்கொள்வதற்கு இருந்த ஒற்றை வினையை நீக்கிவிட்டு, ‘புட் அப் வித்’ என்று மூன்று எளிய சொல்லைச் சேர்த்துக்கொள் என்றால் அது சுருக்கமா? அந்த மூன்றில் எதைப் பிளந்து பார்த்தாலும் சகிப்பு கிடைக்காது. வீட்டில் 850 பேர்தான் என்று கணக்குக் கொடுத்துவிட்டு, ஆளுக்குப் பத்துப் பெயரில் ரேஷன் அட்டை வைத்திருப்பது போன்ற காரியம் இது. ஆக்டனை விட டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் நேர்மையானவர். 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 சொல் பட்டியலில், ஒவ்வொரு சொல்லின் கீழும் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு புழங்குகிறது என்றும் காட்டினார். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதை நேரில் பார்த்தவர் அல்லவா.

தொல்லை அயலாருக்கு மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அழியும் நிலையில் உள்ள உயிரினத்தை எவரும் ‘டேக்’ செய்யக் கூடாது என்கிறது 1973இல் அமெரிக்கா இயற்றிய சட்டம். வேட்டையாடுவது, சுடுவது, பொறிவைத்துப் பிடிப்பது, தீங்கிழைப்பது எனப் பத்து வினைகளை அடுக்கி அந்தச் சொல்லுக்குச் சட்டமே விளக்கமும் தருகிறது. ஆந்தை கூடு கட்டிய காட்டை ஒருவர் வெட்டுகிறார், ஆந்தையைத் தொடவில்லை. அவர் ஆந்தையை ‘டேக்’ செய்தாரா? 1995இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று பிளந்தது. வாழிடத்தைக் கெடுத்து அந்த உயிர்களைக் கொல்வதும் காயப்படுத்துவதும் அதில் அடங்கும் என்ற அரசு விதியைப் பெரும்பான்மை ஏற்றது. விலங்கைக் கொன்றோ பிடித்தோ மனிதன் தன் வசமாக்குவதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள் என்று நீதிபதி ஸ்காலியா மறுத்து எழுதினார். ஒன்பது பேருக்கும் ஆங்கிலம் நன்றாகவே தெரியும்.

தமிழ் இந்தக் குற்றத்தில் கை நனைக்காதது என்று சொல்ல வரவில்லை. நமக்கும் பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், நல்ல பெயர் எடுக்கிறோம். போதாக்குறைக்கு ஆங்கிலத்தின் டேக்கையும் கொண்டுவந்து இதன் மேல் ஏற்றியிருக்கிறோம். நடவடிக்கை எடுக்கிறோம், ரெஸ்ட் எடுக்கிறோம், ரிஸ்க் எடுக்கிறோம். நேரம் ‘பிடித்த’ காலம் போய், நேரம் ‘எடுக்க’ ஆரம்பித்துவிட்டது. இது எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் தடுக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஆனால் நம்மிடம் ஒரு நியாயம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பலபொருள் தரும் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரிக்கிறார். ‘மா’ பூத்தது என்றால் மரம் என்று வினையே காட்டிக்கொடுத்துவிடும், அங்கே தொந்தரவில்லை. ‘மா’ விழுந்தது என்றால் மரமா விலங்கா என்று தெரியாது. அப்போது சொல்கிறவன் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பொறுப்பு கேட்கிறவன் தலையில் இல்லை, சொல்கிறவன் தலையில். ஆங்கில வழக்கு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. சொல்கிறவன் ஓரசையை வீசிவிட்டுப் போகிறான், சூழலைத் துழாவிப் பொருளைத் தேற்றிக்கொள்வது கேட்கிறவன் பாடு. வீட்டுக்குள்ளும் கடைத்தெருவிலும் அதனால் கேடில்லை. அந்நியரோடு பேச நேர்கிற இடத்தில் இந்தப் பழக்கம் குற்றம் என்பதே என் முடிவு.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் உள்ள டெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்களின் நெரிசல், போதாததற்கு மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் 747. அதே பாதையில் பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது பான் ஆமின் 747. கேஎல்எம் துணை விமானி வானொலியில், இப்போது நாங்கள் ‘அட் டேக்-ஆஃப்’ என்றார். கிளம்பி ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் நினைப்பு. அவருடைய டச்சு மொழி வழக்கின் சாயல் அது என்று ஒரு விளக்கம் உண்டு. கிளம்பும் இடத்தில் நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டார் ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர். ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானியும் பேசினார். இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதி, கேஎல்எம் விமானி அறையில் கீச்சொலிதான் மிஞ்சியது. அடுத்து விமானங்களே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். பனியும் அவசரமும் அந்தக் கீச்சொலியும் சேர்ந்துதான் கொன்றன. ஒரு சொல் மட்டும் கொன்றது என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்தச் சொல்லும் அந்தக் கூட்டத்தில் இருந்தது.

விமானத் தொழில் பாடம் கற்றுக்கொண்டது. பழுதுபார்க்கும் கையேடுகளுக்கு எனப் பின்னாளில் வகுத்த எளிய ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டுமே; அறிவுரையைக் கடைப்பிடிப்பதற்கு வேறு வினை. வானொலிப் பேச்சில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லுக்கு இப்போது இரண்டே இடம்: கிளம்ப அனுமதி தரும்போது, தந்த அனுமதியை ரத்து செய்யும்போது. மற்ற நேரமெல்லாம் விமானியும் கட்டுப்பாட்டாளரும் ‘டிபார்ச்சர்’ என்றே பேசிக்கொள்கிறார்கள்.