ஏப்ரம்ஸ் விட்டுவிட்ட காற்று

1918இல் டஃப் ஏப்ரம்ஸ் சிகாகோவில் வெளியிட்ட கான்கிரீட் கலவை ஆய்வை மறுபடி வாசித்தேன். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் கூடினால் வலிமை குறையும். சைட்டில் இன்றைக்கும் அதுதான் வேதவாக்கு. ஆனால் அந்தச் சூத்திரத்தில் காற்றுக்கு இடமே இல்லை. கலவை முழுசா இறுகியிருக்கும்னு வைத்துக்கொண்டுதான் அது பேசுகிறது.

அதற்கும் முன்பே, 1890களில், பிரான்சின் ரெனே ஃபெரே தண்ணீரோடு காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். எதனால் வந்தாலும் ஓட்டை ஓட்டைதானே! காற்று 1 சதவீதம் கூடினால் அமுக்க வலிமை சுமார் 5 சதவீதம் குறையும்.

ஆனா ஃபெரே சொன்னதும் பாதிதான். அவர் கணக்கில் காற்று வெறும் நஷ்டம். 1930களில் அமெரிக்கச் சாலைகளில் நுண்குமிழ்கள் கொண்ட கான்கிரீட் பனிக்கு உரியாமல் நின்றது. உறையும் தண்ணீர் 9 சதவீதம் விரியும். ஒதுங்க இடம் வேண்டுமே. குமிழ்களின் இடைவெளிதான் முக்கியம் என்று 1940களில் பவர்ஸ் காட்டினார், சுமார் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அதனால் 'காற்று 6 சதவீதம்' என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட் எனக்குப் போதாது. வைப்ரேட்டர் சரியாகப் போடாமல் சிக்கிய பெரிய ஓட்டைகள் வலிமையையும் தின்னும், உப்பையும் உள்ளே விடும். எவ்வளவு காற்றுன்னு கேட்டதோடு நிறுத்தாதீங்க, எப்படிப்பட்ட காற்றுன்னும் கேளுங்க.