வெள்ளைக்கு நடுவே காவி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இராமேஸ்வரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் பொதுவான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அது. அந்த நாட்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பலகை பார்ப்பார்கள், இடுக்குகளைப் பஞ்சு வைத்து அடைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். நிறத்தில் ருசி உள்ளவர்கள் அப்போது துறைமுகத்தில் போய் நிற்க வேண்டும். படகின் உடம்புக்கு ஒரு நிறம், மேல் விளிம்புக்கு அதோடு மோதுகிற இன்னொன்று, வீல்ஹவுஸுக்கு மூன்றாவது. நீலத்தின் மேல் சிவப்பு விளிம்பு, பச்சையின் மேல் வெள்ளை. அளவு பார்த்துச் சேர்க்கிற தயக்கம் எதுவும் அந்தத் தூரிகையில் இருக்காது. மிஞ்சிய பெயின்ட் வீட்டுக்கும் வரும். படகின் நீலமே அடுப்பங்கரைக் கதவிலும் அலமாரியிலும் இருப்பதைத் தங்கச்சிமடத்துப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துணிச்சலை ஊரின் வெளிச்சம் கற்றுக்கொடுத்தது. சுற்றிலும் கடல், காலடியில் வெளிர் மணல், சுவரில் சுண்ணாம்பு. மூன்றும் வெயிலை வாங்கி அப்படியே திருப்பி வீசுகின்றன. அந்த வெளிச்சத்தில் இளஞ்சாம்பலும் தந்த நிறமும் இளம்பச்சையும் ஒன்றில் ஒன்று கரைந்து போகும். பெயின்ட் கடை அட்டையில் எவ்வளவு நாகரிகமாகத் தெரிந்தாலும், பாம்பன் தாண்டிய பிறகு அவை வெறும் வெளுப்பு. காவி, ஆழ்நீலம், கரும்பச்சை, அரக்கு இவைதான் நிற்கும். அதிலும், சுற்றி வெள்ளை இருந்து நடுவில் ஒன்று மட்டும் ஆழமாக இருக்கும்போது கண் அங்கே போய் இளைப்பாறுகிறது.

புது வீடுகளில் சமையலறையின் நடுவே, நாலு பக்கமும் நடக்க இடம் விட்டு, ஒரு மேடையைத் தனியே நிறுத்துகிறார்கள். கட்டடக்காரர்கள் ஐலண்ட் என்கிறார்கள். சுற்றியுள்ள அலமாரிகள் எல்லாம் ஒரு நிறம், நடுமேடை மட்டும் வேறு நிறம் என்பது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வந்த மோகம் என்று சிலர் இதைத் தள்ளுகிறார்கள். எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. சமையலறையில் ஒரு பொருளுக்கு மட்டும் தனி நிறம் உடுத்தும் பழக்கம் இந்தச் சீமையில் முன்பே இருந்தது. அந்தப் பொருள் அடுப்பு.

பழைய அடுப்பங்கரையை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். சுவர் வெள்ளை; புகை படிந்த மேல்பாதி கறுப்பு. தரையோடு ஒட்டி, மண்ணால் அணைத்துக் கட்டிய அடுப்பு. பக்கத்திலேயே, மிச்ச நெருப்பில் குழம்பு சூடு தணியாமல் இருக்கும் கொடியடுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பையும் திண்டையும் சாணத்தால் மெழுகி, ஈரம் காய்ந்ததும் விளிம்பில் காவிப்பட்டை இழுத்து, அதை ஒட்டி அரிசி மாவால் இரண்டு இழை போடுவார்கள். அந்தப் பட்டை இரண்டு விரல் அகலந்தான். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் பார்வை அங்கேதான் விழும். பாத்திரம், பானை, உறி, அம்மி எல்லாம் அவரவர் நிறத்தில் கிடக்க, அடுப்பு மட்டும் அலங்கரித்துக்கொண்டிருக்கும். வீட்டில் மிக அதிகமாக உழைத்த இடம் எதுவோ, நிறம் அதற்குப் போயிற்று. இந்தத் தேர்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பட்டை அவ்வளவு வேலை செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் சமைத்தவர் உட்கார்ந்து சமைத்தார், சாப்பிட்டவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில், இராமேஸ்வரம் மசூதித் தெருவில் சுண்ணாம்புக்கல்லும் செங்கல்லும் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட தம் குடும்ப வீட்டைச் சொல்கிறார். சமையலறைத் தரையில் அம்மாவோடு உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டதையும் சொல்கிறார். அப்படி உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருப்பது சுவரின் கீழ்ப்பகுதியும் அடுப்பின் பக்கவாட்டும். தரையோரம் ஓடும் காவியும், அடுப்பு விளிம்பின் பட்டையும் அந்தக் கண்ணுக்காகவே போடப்பட்டவை. இன்றைய நடுமேடையிலும் நிறம் இருக்க வேண்டிய இடம் பக்கவாட்டுதான். மேல்பரப்பைக் கிரானைட்டும் காய்கறிக்கூடையும் மூடிவிடும். கூடத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது உடம்பு மட்டுமே.

காவி ஏன் என்று கேட்டால், பதில் சுண்ணாம்பில் இருக்கிறது. கடலோரத்தில் சுண்ணாம்பு சிப்பியிலிருந்தும் பவளப்பாறையிலிருந்தும் வந்தது. காளவாசலில் சுட்டு, நீரில் தாளித்து, வடிகட்டிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகும். வேதியியல் கணக்கில் சிப்பியும் சுவரும் ஒரே பொருள். சுண்ணாம்பின் காரம் கடுமையானது. பல சாயங்கள் அதில் வெளிறிச் செத்துவிடும். காவிக்கல்லும் செம்மண்ணும் இரும்புத் துரு என்பதால் காரம் அவற்றை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் சுண்ணாம்பு இருக்க நூறு ஆண்டு நிறம் மாறாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய சிவப்பு அது. பின்னால் சிமென்ட் வந்தபோதும் அதே இரும்புத் துருதான் ரெட் ஆக்சைடு என்ற பெயரில் தரைக்கு வந்தது. கறுப்புக் கரை போட்ட சிவப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி மறக்காது.

அந்த வெள்ளைக்கு ஒரு விலையும் இருந்தது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்ததில் அந்த வெட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1986இல் அந்தக் கடற்பகுதி தேசியப் பூங்காவானது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இன்று டப்பாவில் வரும் வெள்ளை அந்தப் பழைய வெள்ளையின் ஆழத்தைத் தருவதில்லை. இழப்புதான், ஆனால் பவளம் கடலிலேயே இருக்கட்டும்.

வெள்ளையும் காவியும் ஒன்றையொன்று எப்படித் தூக்கிவிடுகின்றன என்பதைப் பாரிஸில் ஒருவர் முறையாக ஆராய்ந்தார். கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சோடையாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அதன் பக்கத்தில் நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். 1839இல் அதைப் பெரிய நூலாக எழுதினார். ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தின் மேல் தனக்கு எதிரான நிறத்தின் சாயலை ஏற்றும் என்பது அதன் சாரம். காவியின் பக்கத்தில் இருக்கும் வெள்ளையில், கண்ணளவில் ஒரு பச்சை நீலக் குளிர்ச்சி படிகிறது. கோயில் மதில்களின் காவிப்பட்டைக்கு இடையே உள்ள வெள்ளை, தனி வெள்ளைச் சுவரைவிட வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலப்பவர்கள் அதே குளிர்ச்சியை வாளியிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள். தஞ்சை மராத்தியரோடு போர், ஐரோப்பியர் சேதுபதியைக் காண வந்த காட்சி, இராமாயணம், அந்தப்புரம் என்று சுவர் முழுக்க நிறைந்திருக்கிறது. பல காட்சிகளில் பின்புலமே சிவப்பு. அங்கே தனித்து நிற்பது வெள்ளை வேட்டியும் முத்துமாலையும். வெள்ளை வீட்டில் காவி செய்யும் வேலையை, காவிச் சுவரில் வெள்ளை செய்கிறது. அரண்மனையில் கதையை விட்டுவிட்டு வெள்ளைகளை மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள்; யார் முக்கியம் என்று ஓவியர் நினைத்தார் என்பது பிடிபடும்.

எதிர்நிறத்தில் தேர்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுபவர்கள் நெசவாளர்கள். பரமக்குடித் தெருக்களில் தறிச்சத்தம் கேட்டு நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காஞ்சிபுரத்தில் கோர்வை என்று ஒரு முறை உண்டு. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒவ்வொரு வரியிலும் கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குக் கரை அத்தனை தீர்க்கமாக விழுவதற்கு அந்த இணைப்பே காரணம். நிறம் எவ்வளவு மோதினாலும் சேருமிடம் சுத்தமாக இருந்தால் மோதல் அழகாகிவிடுகிறது. நடுமேடையிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பக்கவாட்டின் நிறம் கிரானைட்டின் அடியில் எப்படி முடிகிறது, தரையில் எப்படி இறங்குகிறது? கிரானைட் விளிம்பில் பெயின்ட் இழுசியிருந்தால், தரையை ஒட்டிய கால்படும் பகுதியை அப்படியே விட்டிருந்தால், எந்த நிறமும் காப்பாற்றாது. அந்தக் கீழ்ப்பட்டையைக் கறுப்பாகவோ அதே நிறத்தின் ஆழ்ந்த சாயலாகவோ முடிப்பது நல்லது. துடைப்பமும் கால்விரலும் படுகிற இடம்.

நிறத்தேர்வில் என் விருப்பங்களை மறைக்கப் போவதில்லை. வெள்ளை அலமாரிகளுக்கு நடுவே செங்காவி மேடை முதலிடம். வெண்ணெய் நிறத்துக்கு மயில்கழுத்து நீலம். தேக்கு அலமாரி உள்ள வீட்டில் கரும்பச்சை. வெள்ளைக்கு நடுவே கறுப்பைப் படங்களில் பார்த்து ஆசைப்படுகிறார்கள். இந்தக் கரையில் அது ஒத்துவராது. மாவும் உப்புப்பொடியும் விரல் தடமும் கறுப்பில் தெரிவதுபோல் வேறு எதிலும் தெரியாது. சாம்பல் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, எதிர்நிறம் ஒன்றுக்கு மட்டுமே. சுவர் டைல்ஸில் பூ, ஜன்னலில் மஞ்சள், மேடையில் நீலம் என்றால் எதுவும் தனித்து நிற்காது. அடுப்புக்கு மட்டும் பட்டை இழுத்த பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இயல்பாக இருந்தது.

நிறத்தை அட்டையில் தேர்ந்தெடுக்காமல், ஒரு பிளைவுட் துண்டில் இரண்டு கை அடித்து மேடை இருக்கும் இடத்தில் சாத்தி வையுங்கள். காலை, உச்சி, விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். வெயிலில் உயிரோடிருக்கும் நீலம் மஞ்சள் விளக்கில் கறுத்துவிடுவதுண்டு. காவி விளக்கில் இன்னும் கனியும். பளபளப்பு அரைப்பங்கு போதும். முழுப் பளபளப்பு, ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் வாங்கி நிறத்தையே அழித்துவிடும்.

வேலை முறையில் இந்தக் கடற்கரைக்கு ஒரு கூடுதல் படி உண்டு. உள்ளூரில் எல்லோரும் செய்கிற உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், பட்டி, மறுபடி தேய்ப்பு, இரண்டு கை பெயின்ட் எல்லாவற்றுக்கும் முன்பு, பழைய பரப்பை நல்ல தண்ணீரால் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். காற்று கொண்டுவந்து படிய வைத்த உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே பருவத்தில் கொப்புளம் எழுப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் பெயின்ட் காய்வதே இல்லை. பிசுபிசுத்த பரப்பில் கொசுவும் தூசியும் ஒட்டி நிற்கும்.

சமையலறை நிறத்தைப் பற்றிப் பேசும்போது பிராங்க்பர்ட் நகரத்தை விட முடியாது. 1926இல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் அங்கே தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி. அதன் அலமாரிகளுக்கு நீலம் அடித்தார்கள், ஈக்கள் நீலத்தில் உட்காராது என்ற நம்பிக்கையில். சமைப்பவரின் அன்றாடத் தொல்லை ஒன்றை மனத்தில் வைத்து நிறம் தேடியது அது. நம்மூர் வரவேற்பறை வடிவமைப்பாளர்களிடம் நான் தேடிக் காணாத அக்கறை.

கடைசியாக, லேமினேட் ஷீட்டா பெயின்டா என்ற கேள்வி. ஷீட் துடைக்க எளிது, உழைக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் நடுமேடைக்கு நான் பெயின்டின் பக்கம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரமுள்ள மேடையின் நாலு பக்கமும் சேர்ந்து 54 சதுர அடி; ஒரு லிட்டர் எனாமலில் இரண்டு கை வரும். தேய்ப்புக்கு ஒரு பகல், பெயின்டுக்கு இரண்டு பகல். போகிக்கு முந்திய வாரத்தில், மழை ஓய்ந்து காற்று வறண்டதும், வீட்டில் யாராவது ஒருவரே அடித்து முடித்துவிடலாம். மூன்றாம் பொங்கலுக்குக் காவி அலுத்துப்போனால் அடுத்த பொங்கலுக்குக் கரும்பச்சை அடித்துப் பாருங்கள்.