பீசோ தகட்டில் ஒரு மெட்டு

ஆர்டுபாய் சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி. கெவின் பேட்ஸ் 2014-இல் விசிட்டிங் கார்டு வடிவில் செய்துகாட்டியதிலிருந்து பிறந்தது. நிரலுக்கு 32 கிலோபைட் இடம், ஒலிக்கு ஒரு சின்ன பீசோ தகடு. ஒலிக்கென வேறெதுவும் இல்லை.

இதில் ஸ்வரம் என்பது இரண்டு எண்கள்: அதிர்வெண், நீளம். 440 ஹெர்ட்ஸ், 200 மில்லி வினாடி என்று எழுதினால் கருவியின் சில்லில் ஒரு காலில் மின்னழுத்தம் அத்தனை வேகத்தில் ஏறி இறங்குகிறது, தகடு துடிக்கிறது. 880 என்றால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில். பூஜ்யம் போட்டால் மௌனம். ஒரு ஸ்வரத்துக்கு நான்கு பைட். நூறு ஸ்வரங்களுக்கு 400 பைட்தான். கமகம் வேண்டுமா? பக்கத்துப் பக்கத்து எண்களைச் சிறுசிறு துண்டுகளாக அடுக்க வேண்டும். அதைக் காதால் கேட்டுக் கேட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

எனக்கு மிகப் பிடித்தது அந்தத் தகட்டின் இணைப்பு. அதன் இரு முனைகளும் சில்லின் இரண்டு கால்களில் நிற்கின்றன. இரண்டையும் எதிரெதிராக ஆட்டினால் ஒலி உரக்கிறது. காலுக்கொரு ஸ்வரம் கொடுத்தால், ஒரே தகட்டில் இரண்டு குரல்கள் கலந்து வருகின்றன! எத்தனை அழகான சிக்கனம்.

மூன்று ஸ்வரச் சேர்க்கைக்கு இந்த முறையில் நேரடி வழியில்லை. மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசித்தால், மீதியைக் காது சேர்த்துக்கொள்கிறது. விளையாட்டின் மற்ற ஒலிகளும் எண்கள்தான்: குதிப்புக்கு ஏறும் அதிர்வெண், வீழ்ச்சிக்கு இறங்குவது, வெடிப்புக்குத் தாறுமாறான எண்கள்.